ஒற்றை மாட்டுப் பால்

செவலை கத்திக்கொண்டிருந்தது.

இரவெல்லாம் பெய்த மழை அப்போதுதான் விட்டிருந்தது. அத்தாப்பு ஓலைக் கூரையின் ஓரத்திலிருந்து தண்ணீர் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. எங்கள் வீட்டுக்காரர் மலையடிவாரத்தில் அறுத்து வந்த புல்லைக் கட்டுப் பிரித்து, மாடுகளுக்கு முன்னால் உதறிப் போட்டிருந்தார். இடுப்பளவு வளர்ந்த இளம்புல். மாடுகள் தலையைத் தூக்காமல் மென்றன. கொட்டகை முழுக்கப் பச்சை வாசம்.

கடைசிக் கம்பத்தில் தனியாகக் கட்டியிருந்த செவலைக்கு மட்டும் முன்னால் கிடந்தது காய்ந்த வைக்கோல். கடலுக்கு அக்கரையில், பட்டர்வொர்த் பக்கத்து வயல்களிலிருந்து படகில் வந்து இறங்கிய பழைய வைக்கோல். செவலை அதை முகர்ந்தும் பார்க்கவில்லை. கயிறு கழுத்தை இறுக்க இறுக்க, மூக்கைப் புல் பக்கம் நீட்டிக்கொண்டு கத்தியது.

"கத்தாதடி. உன்னைக் காயப்போடணும்னு எனக்கென்ன ஆசையா?" என்றேன்.

மாட்டோடு பேசுகிறாளே என்று சிரிக்காதீர்கள். மாடு வைத்திருக்கிற வீட்டில் எல்லோரும் பேசுவோம். சில மனிதர்களோடு பேசுவதற்கு அது எவ்வளவோ மேல்.

என் தோளில் ஒரு பச்சைக் குழந்தை இருந்தது. அதற்காகத்தான் செவலைக்கு வைக்கோல். ஊரெல்லாம் பச்சை பூத்துக் கிடந்த அந்த நாளில் ஒரு மாட்டை மட்டும் நாங்கள் பட்டினி போடாத குறையாக வைத்திருந்ததன் கதைதான் இந்த வாரம். சந்தோஷமாக ஏதாவது எழுதக் கூடாதா என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். எழுதலாம். ஆனால் இதை எழுதாமல் தாண்டிப் போனால் மற்றதெல்லாம் பொய்யாகிவிடும்.

மாடும் மனிதரும் ஒரே தட்டில்

தண்ணீர்மலைக்குப் போகிற சாலையில், இப்போது பெரிய பெரிய வீடுகள் நிற்கிற இடத்துக்குப் பின்னால் எங்கள் கொட்டகை இருந்தது. அருவித் தண்ணீர் வாய்க்காலாக ஓடி எங்கள் வேலியை உரசிக்கொண்டு போகும். மாடு குளிப்பாட்ட, பாத்திரம் கழுவ, துணி துவைக்க எல்லாவற்றுக்கும் அதுதான்.

என் மாமனார் தாய்நாட்டிலிருந்து மாடுகளோடு கப்பலேறி வந்தவர். மாடும் மனிதரும் கப்பலின் ஒரே தட்டில், ஒரே தளத்தில்தான் வந்தார்களாம். "எறங்குனதும் டாக்டரு மொதல்ல மாட்டைத்தான் பாத்தாரு. எங்களை அப்புறம் பாத்தாரு" என்று சொல்லிச் சிரிப்பார். அவர் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு பேச்சுக்குத்தான். அவர் போன பிறகு கொட்டகை எங்கள் வீட்டுக்காரர் கைக்கு வந்தது.

பால் வியாபாரம் ஒரு வயிற்றெரிச்சல் பிடித்த வியாபாரம். தைப்பூசம் வந்தால் பால்குடம் எடுக்கிறவர்களெல்லாம் எங்கள் வாசலில் வந்து நிற்பார்கள். அந்தச் சமயம் பார்த்து வெயில் காய்ந்து, புல் கருகி, மாடு மடியைச் சுருக்கிக்கொள்ளும். ஐயோ, இல்லையே என்று கையை விரிப்போம். பிறகு மழை பிடிக்கும். மலைச்சரிவு, சாலை ஓரம், வாய்க்கால் கரை எங்கே பார்த்தாலும் புல் முளைத்து நிற்கும். கறக்கக் கறக்கப் பால் வரும். வாங்கத்தான் ஆள் இருக்காது.

நான் சொல்கிற வருஷம் அதைவிட மோசம். ரப்பர் விலை விழுந்து, தோட்டத்து ஜனங்களைக் கூட்டம் கூட்டமாக ஊருக்குக் கப்பலேற்றிக்கொண்டிருந்த காலம். டவுனில் வாடிக்கைப் பால் வாங்கியவர்களில் பாதிப் பேர் நிறுத்திவிட்டார்கள். வானம் மட்டும் குறை வைக்கவில்லை. அப்படியொரு மழையை, அப்படியொரு புல்லை நான் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்த்ததில்லை.

நானும் அவரோடு புல் அறுக்கப் போவேன். காலில் அட்டை ஏறி, கணுக்காலெல்லாம் ரத்தம் வழியும். புல்லுக்குள் அவரைக்கொடி மாதிரி ஒரு கொடி படர்ந்திருக்கும். மாட்டுக்கு அது உயிர். ஆனால் எங்கள் வீட்டுக்காரர் அதை ஒதுக்கி ஒதுக்கி அறுப்பார். ஈரத்தோடு அந்தக் கொடியை வயிறு முட்டத் தின்றால் மாட்டுக்கு வயிறு உப்பிவிடும். காய்ந்த வயிற்றில் தின்றால் இன்னும் மோசம். மாட்டுக்காரன் வீட்டில் இது பிள்ளைகளுக்குக்கூடத் தெரிந்த விஷயம்.

பவளத்தின் பிள்ளை

எங்கள் வீட்டுக்காரருக்கு ஒரே தங்கை, பவளம். என் நாத்தனார் என்று பேர்தான், நாத்தனார் புத்தி ஒன்றும் அவளிடம் கிடையாது. அவளைக் கட்டியவர் வேலு. துறைமுகத்தில் மூட்டை தூக்குகிற வேலை. ஆள் நெடுநெடுவென்று இருப்பார், குரல் மட்டும் வெளியே வராது. என்னை "அக்கா" என்றுதான் கூப்பிடுவார்.

பவளம் பெண் பிள்ளை பெற்றாள். பெற்ற சில நாளில் காய்ச்சல் கண்டது. பிள்ளையின் முகத்தை நன்றாகப் பார்த்தாளா என்றுகூட எனக்குத் தெரியாது. போய்விட்டாள்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு வேலு குழந்தையைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து என் மடியில் வைத்தார்.

"நீங்களே வெச்சிக்குங்கக்கா. கூலிக்காரங்க லயத்து வீட்டுல நான் இதை எப்படி வளக்க?" என்றார்.

எனக்குக் கல்யாணமாகி வருஷங்கள் ஓடியும் வயிறு திறக்கவில்லை. அது ஊருக்கே தெரியும். அந்தக் குழந்தையை மடியில் வாங்கிய அந்த நிமிஷம், பவளத்துக்காக அழுதுகொண்டே நான் உள்ளுக்குள் சந்தோஷப்பட்டேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. அன்னம் என்று பெயர் வைத்தேன். அவள் பிழைக்க வேண்டும், என் பிள்ளையாக வளர வேண்டும். அப்போது எனக்கு வேறு எந்த நினைப்பும் இல்லை.

எங்கள் பக்கத்தில் பிரசவம் பார்க்கிறவள் பாக்கியம் அக்கா. எந்நேரமும் வெற்றிலை மெல்லுகிற வாய். அந்த வாய் சொன்னால் மறுபேச்சு கிடையாது. பவளத்துக்கும் அவள்தான் பார்த்தாள். குழந்தையைத் தூக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"தாய்ப்பால் இல்லாத புள்ள. ஒத்த மாட்டுப் பால்தான் குடுக்கணும். இன்னிக்கி ஒரு மாடு நாளைக்கி ஒரு மாடுன்னு மாத்துனீங்க, புள்ள தங்காது. கலந்த பாலை மோந்துகூடக் காட்டாதீங்க. நல்ல கொணமுள்ள மாடாப் பாரு. அதோட கொணம்தான் புள்ளைக்கி வரும்."

இதில் அதிசயம் ஒன்றுமில்லை. எங்கள் ஜனங்கள் எல்லோரும் நம்பிய விஷயம்தான். கைக்குழந்தைக்கென்று பால் வாங்க வருகிற வீட்டார் எங்களிடமும் அப்படித்தான் கேட்பார்கள். "ஒரே மாட்டுப் பாலா ஊத்துப்பா" என்பார்கள். எங்கள் வீட்டுக்காரரும் அதற்கென்று தனிச் செம்பு வைத்து ஊற்றுவார்.

அன்னத்துக்கு மாடு தேர்ந்தெடுக்க அவர் மாப்பிள்ளை பார்க்கிற மாதிரி பார்த்தார். கருப்பி நிறையக் கறக்கும், ஆனால் உதைக்கும். மயிலைக்கு வயசாகிவிட்டது. கடைசியில் செவலை. இரண்டாம் ஈற்று, இளங்கன்று, யார் போய்த் தடவினாலும் கண்ணை மூடிக்கொண்டு நிற்கும். அதற்கென்று தனிக் குவளை, தனிப் பானை வந்தது. பாலாடையில் ஊற்றி அன்னத்தின் வாயில் வைத்தால் சப்புக்கொட்டிக் குடிப்பாள். மளமளவென்று தேறினாள். கையில் மடிப்பு விழுந்தது.

காதர் நானா அதைப் பார்த்துக் கேலி செய்வார். சூலியா தெருவில் தேத்தண்ணிக் கடை வைத்திருந்தவர். நாகூர்ப் பக்கத்து மனிதர், காலையில் அவரே வந்து கடைக்குப் பால் எடுத்துப் போவார்.

"என்னா தங்கச்சி, இந்த மாட்டுக்கு சம்பந்தி மருவாதியா இருக்கே! எனக்கு ஒரு தேத்தண்ணி குடுக்க ஆளில்ல" என்பார்.

"உங்களுக்குக் கடையே இருக்கே நானா" என்பேன்.

வைக்கோல்

மழை பிடித்துப் புல் வந்ததும், அன்னத்துக்கு வயிற்றால் போக ஆரம்பித்தது. பச்சைப் பச்சையாகப் போனது. நான் பயந்துபோனேன். பாக்கியம் அக்கா துணியைப் பிரித்துப் பார்த்தாள்.

"மாடு பச்சை தின்னுது, புள்ள பச்சையாப் போவுது. வேறென்ன? மாட்டுக்குப் பச்சையை நிறுத்து."

நிறுத்தினோம். வைக்கோல், தவிடு, கொஞ்சம் தேங்காய்ப் பிண்ணாக்கு. மழைக்காலத்தில் காய்ந்த வைக்கோலுக்கு நாங்கள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. அக்கரையிலிருந்து வருவதில் பாதி பூசணம் பிடித்திருக்கும். அதை உதறி, அடுப்பு ஓரத்தில் காயவைத்துப் போடுவேன்.

அன்னத்துக்கு நின்றது. தானாக நின்றதோ, வைக்கோலால் நின்றதோ, ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம். நின்றதா, அவ்வளவுதான். அதற்குப் பிறகு பாக்கியம் அக்கா சொன்னதெல்லாம் எங்களுக்கு வேதமாகிவிட்டது.

ஆனால் செவலை இளைத்தது. சுற்றிலும் மற்ற மாடுகள் தின்று தின்று பளபளவென்று மின்ன, இது விலா எலும்பு தெரிய நின்றது. காலையில் புல்லுக்கட்டு வந்ததும் கத்தத் தொடங்கும். அந்தச் சத்தம் இருக்கிறதே, அதைக் கேட்டுக்கொண்டு சோறு தின்ன முடியாது. பாலும் குறைந்துகொண்டே வந்தது. அன்னத்துக்கு மட்டும் போதுமான அளவு எப்படியோ கொடுத்தது. கன்றுக்குட்டிக்கு நாங்கள் தவிட்டுக் கஞ்சி காய்ச்சி ஊற்றினோம்.

வேலு வந்த நாள்

வேலை இல்லாத நாளில் வேலு வந்துவிடுவார். வந்ததும் கைகால் கழுவிக்கொண்டு, பிள்ளையைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். கிளம்பும்போது செவலையிடம் போய் அதன் நெற்றியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்.

"எம் புள்ளைக்கு நீதான் ஆத்தா" என்பார். எனக்குச் சுருக்கென்று இருக்கும். ராத்திரி பகலாகக் கண் விழிக்கிறவள் நான், ஆத்தா பட்டம் மாட்டுக்கா என்று தோன்றும். வெளியே சொன்னதில்லை.

அன்றைக்கு அவர் வந்தபோது எங்கள் வீட்டுக்காரர் மத்தியானப் பாலை எடுத்துக்கொண்டு டவுனுக்குப் போயிருந்தார். நான் அன்னத்துக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, சாம்பிராணி காட்டி, பக்கத்தில் போட்டுக்கொண்டு படுத்தவள் அப்படியே அசந்துவிட்டேன். வெளியே செவலை கத்திக்கொண்டிருந்தது என் காதில் விழுந்தது. பிறகு கத்தல் நின்றது. நின்றதே என்று நிம்மதியாகத் தூங்கினேன்.

எழுந்து வெளியே வந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. வேலு வாய்க்கால் பக்கமிருந்து செவலையைப் பிடித்துக்கொண்டு வந்தார். அவர் முகத்தில் அப்படியொரு சிரிப்பு. பவளம் போன பிறகு நான் பார்க்காத சிரிப்பு.

"பாவம்க்கா. எம் புள்ளைக்காக எத்தனை நாளு பட்டினி கெடக்கும்? ஒரு நாளு தின்னட்டுமேன்னு மேட்டுப் பக்கம் கொண்டு போனேன். அந்தக் கொடியை என்னா ஆசையாத் தின்னுது தெரியுமா! இன்னிக்கித்தான் அதுக்கு வயிறு நெறைஞ்சிருக்கு."

நான் மாட்டின் இடது விலாவைப் பார்த்தேன். வயிறு நிறைந்த மாதிரி இல்லை. மேலே தூக்கிக்கொண்டு நின்றது. தட்டிப் பார்த்தேன். தம்மென்று சத்தம் கேட்டது.

"ஐயோ பாவி!" என்று கத்தினேன்.

வேலுவுக்கு ஒன்றும் புரியவில்லை. சிரிப்பு அப்படியே முகத்தில் நின்றது. நான் ஓடிப்போய் நல்லெண்ணெய் ஜாடியை எடுத்து வந்தேன். நல்லவேளையாக எங்கள் வீட்டுக்காரர் வந்துவிட்டார். மாட்டைப் பார்த்தவர் பால் பாத்திரத்தை அப்படியே கீழே போட்டுவிட்டு ஓடிவந்தார். வாயில் குறுக்கே கட்டை கொடுத்துக் கட்டினார். மூங்கில் குழாயில் எண்ணெய் ஊற்றித் தொண்டையில் இறக்கினார். வயிற்றைத் தேய்த்தோம். நடத்தினோம். மேட்டில் ஏற்றி முன்னங்காலை உயரத்தில் நிறுத்தினோம். செவலை வாயைப் பிளந்து மூச்சு வாங்கியது. ஒரு சத்தமும் போடவில்லை. அத்தனை நாள் கத்திய மாடு, அப்போது ஒரு சத்தம் போடவில்லை.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு முழங்கால் மடங்கி விழுந்தது. அதோடு சரி.

நான் வேலுவைப் பிடித்துக்கொண்டேன். "பெத்த அப்பனே உம் புள்ள வாயில மண்ணைப் போட்டுட்டியே! உனக்கு மாட்டைப் பத்தி என்னா தெரியும்? யாரைக் கேட்டு அவுத்த?" இன்னும் என்னென்னவோ சொன்னேன். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி சொன்னேன். அந்த மனிதர் மாட்டின் தலைமாட்டில் உட்கார்ந்து அதன் கண்ணில் மொய்க்கிற ஈயை ஓட்டிக்கொண்டிருந்தார்.

"விடு. மாடு தெரியாத ஆளு. நல்லதுன்னு நெனச்சுத்தான் செஞ்சாரு" என்றார் எங்கள் வீட்டுக்காரர்.

நல்லதென்று நினைத்துத்தான் செய்தார். அதனால்தான் இன்றைக்கும் எனக்கு அவர்மேல் கோபமும் தீரவில்லை, கோபப்படவும் முடியவில்லை.

கருப்பியின் பால்

விடிந்ததும் அன்னம் பசிக்கு அழுதாள்.

எங்கள் வீட்டுக்காரர் கருப்பியைக் கறந்து கொண்டுவந்தார். நுரை தளும்பியது. புல் காலத்துப் பால், வெதுவெதுவென்று வாசம் வீசியது. காய்ச்சி ஆற்றி, பாலாடையில் ஊற்றி, குழந்தையின் உதட்டுக்குக் கொண்டுபோனேன். பாக்கியம் அக்கா வந்து என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னா காரியம் பண்ற? ஒரு மாட்டுல வளந்த புள்ளைக்கி இன்னொரு மாடு ஒத்துக்காது. அதுவும் அந்த உதைக்கிற மாடு. பச்சையைத் தின்னுட்டு நிக்கிற மாடு. போன தடவை பட்டது போதாதா? மாத்துப் பால் குடிச்சு எங் கண்ணு முன்னாடி போன புள்ளைங்களை எனக்குத் தெரியும்."

"அப்ப எதைக் குடுக்க? பசிச்சு அழுவுதேக்கா!" என்றேன்.

வாசலில் நின்ற வேலு மெல்லச் சொன்னார்: "டின் பாலு வாங்கியாரேன். கப்பல்ல பெட்டி பெட்டியா வருது. வெள்ளைக்காரன் புள்ளைங்களே அதைத்தான் குடிக்குதாம்."

காதர் நானா அப்போதுதான் பாலுக்கு வந்தார். டின் பால் அவர் கடையிலும் உண்டு. அவர் ஒரு கேள்வி கேட்டார்.

"ஏம்ப்பா, ஒத்த மாட்டுப் பாலுதான் வேணும்னு சொல்றிய. அந்த டின்னுக்குள்ள எத்தனை மாட்டுப் பாலு கலந்து கெடக்குமோ, அதுக்கு என்னா சொல்றிய?"

வேலு, "அது மிஷின்ல காச்சுனது நானா" என்றார்.

"அதுல மாட்டு வாசமே கெடையாது. அது மாட்டுப் பாலு கணக்குலயே வராது" என்றாள் பாக்கியம் அக்கா.

எங்கள் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான் பாக்கியம் அக்காவைப் பார்த்தேன். நானா தோளைக் குலுக்கிவிட்டு, "உங்க வூட்டுப் புள்ள, நீங்க பாத்துக்குங்க லா" என்று பால் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு போனார். பாலாடையில் இருந்த கருப்பியின் பாலை நான் வாசல் துளசியில் ஊற்றினேன்.

டின்

டின்னின் மேலே கொழுகொழுவென்று ஒரு குழந்தைப் படம் இருந்தது. ஒரு கரண்டி எடுத்து வெந்நீரில் கரைத்தால் போதும். சர்க்கரைப் பாகு மாதிரி இனிக்கும். அன்னம் அதைக் குடித்துவிட்டு உதட்டை நக்கினாள். அழாமல் தூங்கினாள். வயிற்றாலும் போகவில்லை. எனக்கு உயிர் வந்தது.

சில வாரத்தில் கன்னம் உப்பியது. பார்க்கிறவர்கள் கண் பட்டுவிடுமென்று நான் தினமும் மிளகாய் சுற்றிப் போட்டேன். வேலு ஒவ்வொரு முறையும் டின் வாங்கிக்கொண்டு வந்தார். பிள்ளையின் கன்னத்தைத் தொட்டுப் பார்த்து, "டின்னுல இருக்கிற புள்ள மாதிரியே ஆயிடுச்சிக்கா" என்றார். நானும் பழைய பேச்சையெல்லாம் விட்டுவிட்டு அவருக்குச் சோறு போட்டேன்.

மழை நிற்கவில்லை. புல்லும் நிற்கவில்லை. கொட்டகையில் பால் மலிந்து கிடந்தது. தயிர் ஊற்றினோம், மோர் கடைந்தோம், வெண்ணெய் உருக்கினோம், அக்கம்பக்கத்தில் சும்மா கொடுத்தோம். அதற்கும் மிஞ்சியதைப் பக்கத்துச் சீனர் தன் பன்றிக் குட்டிகளுக்கு வாளியில் எடுத்துப் போனார்.

ஒரு நாள் அன்னத்துக்கு எண்ணெய் தேய்க்கும்போது அவள் காலில் என் விரல் பதிந்த இடம் பள்ளமாகவே நின்றது. அழுத்திப் பார்த்தேன். மறுபடியும் பள்ளம். அது சதை இல்லை, நீர். அழுகையும் சிறுத்துப் போயிருந்தது. பூனைக்குட்டி மாதிரி அனத்தினாள். பாக்கியம் அக்கா வசம்பு உரசி நாக்கில் தடவினாள், வேப்பிலை அடித்தாள். மறுநாள் வயிற்றால் போக ஆரம்பித்தது. நிற்கவே இல்லை.

ரிக்‌ஷா வைத்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். நானும் வேலுவும்தான். மழையில் என் முந்தானைக்குள் அவளை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உடம்பு சில்லென்று இருந்தது.

ஆஸ்பத்திரியில் ஒரு மிஸ்ஸி, நர்ஸம்மாவை அங்கே அப்படித்தான் சொல்லுவோம், நம்மவர்தான், குழந்தையை வாங்கிப் படுக்கவைத்தார். டாக்டர் வந்து பார்த்தார். வயிற்றை அமுக்கினார், கண்ணைத் திறந்து பார்த்தார், இங்கிலீஷில் ஏதோ சொல்லிவிட்டுப் போனார். மிஸ்ஸி என்னிடம் கேட்டார்:

"என்னம்மா குடுத்தீங்க புள்ளைக்கு?"

"டின் பாலும்மா. தண்ணியில கரைச்சு."

"அது சர்க்கரைதாம்மா, சத்தில்ல. எத்தனை நாளா? அது மட்டுமா? வேற ஒண்ணுமே குடுக்கலையா?"

தலையை ஆட்டினேன்.

"ரொம்ப உள்ளாற, தோட்டக்காட்டுலயா இருக்கீங்க? நீங்க இருக்கிற எடத்துல பசும்பால் கெடைக்காதா?"

நான் வேலுவைப் பார்த்தேன். வேலு தரையைப் பார்த்தார்.

"நாங்க மாட்டுக்காரங்கம்மா. பால் யாவாரம்" என்றேன்.

அந்த மிஸ்ஸி என்னைத் திட்டியிருக்கலாம். திட்டியிருந்தால் பதிலுக்கு நானும் ஏதாவது பேசியிருப்பேன், எனக்கும் கொஞ்சம் ஆறியிருக்கும். அவரோ போர்வையை இழுத்துக் குழந்தையின் காலை மூடிவிட்டு, அடுத்த கட்டிலுக்குப் போனார்.

விடிகாலையில் அன்னம் போய்விட்டாள். என் விரலைப் பிடித்திருந்த பிடி எப்போது தளர்ந்தது என்று எனக்குத் தெரியவில்லை.

பால் தெளி

பச்சைக் குழந்தையை நாங்கள் எரிப்பதில்லை. புதைப்போம். மறுநாள் போய் அந்த மண்ணில் பால் ஊற்ற வேண்டும். அது முறை. பெண்கள் அந்த இடத்துக்குப் போவது வழக்கமில்லை. நான் போனேன். எவரும் தடுக்கவில்லை. தடுத்தாலும் நான் கேட்டிருக்க மாட்டேன். நான் போகிறேன் என்றதும் பாக்கியம் அக்காவும் கூடவே வந்தாள்.

காலைக் கறவை முடிந்து எல்லா மாட்டுப் பாலையும் ஒன்றாகக் கொட்டி வைத்திருந்த பெரிய பாத்திரத்திலிருந்து ஒரு செம்பில் மொண்டு எடுத்து வந்திருந்தார் எங்கள் வீட்டுக்காரர். தளும்பத் தளும்ப எடுத்து வந்திருந்தார். மழை தூறிக்கொண்டிருந்தது. முழ நீளத்துக்கு ஒரு மண்மேடு. அவ்வளவுதான் அவள்.

பாக்கியம் அக்கா செம்பை வாங்கி வேலுவின் கையில் கொடுத்தாள். "ஊத்துப்பா. பெத்தவன் நீதான் ஊத்தணும்" என்றாள்.

வேலு குனிந்தார்.

"இது எந்த மாட்டுப் பாலு?" என்றேன்.

என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. வேலுவின் கை நின்றுவிட்டது. பாக்கியம் அக்கா வெற்றிலை மெல்லுவதை நிறுத்தினாள். திரும்பி என்னைப் பார்க்கவில்லை.

"உங்களைத்தான் கேக்கறேன். எந்த மாட்டுப் பாலு அது?"

எங்கள் வீட்டுக்காரர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். மழைத் தண்ணீரா வேறா தெரியவில்லை.

"எல்லாம் கலந்ததுதான்" என்றார்.

வேலு ஊற்றினார். பல நாள் மழையில் ஊறிக் கிடந்த மண். பாலை உடனே குடிக்கவில்லை. கொஞ்ச நேரம் அது வெள்ளையாக மேலேயே நின்றது.